புளியங்கொட்டைக்கு ரீ-என்ட்ரி கிடையாது

பிப்ரவரி 8, சனி

பந்து அழுத்துதல் 40. விரல் விரித்தல் 25. சட்டைப் பொத்தான்: மூன்று அவர், மீதி நான்.

இந்த நோட்டை பிசியோதெரபி செய்ய வரும் பெண் கொடுத்தாள். தேதி போட்டு எழுதி வையுங்கம்மா, கை எவ்வளவு தேறுதுன்னு தெரியும் என்றாள். நான் எழுத ஆரம்பித்தால் பந்தோடு நிற்பேனா? நோட்டில் இடம் நிறைய இருக்கிறது.

ஜூன் மாதம் எங்கள் ஊர் கணபதியில், மோட்டார் காயில் கட்டும் எங்கள் பட்டறையில் வேலையாக இருந்தபோதுதான் என் வீட்டுக்காரருக்கு வாய் கோணிக்கொண்டு போனது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். நடை தேறிவிட்டது. வலது கை பாதிதான் தேறியிருக்கிறது. பேச்சு மெதுவாக வரும், சில எழுத்துகள் வழுக்கும். வெளி ஆட்கள் முன்னால் வாயே திறக்க மாட்டார். எட்டு மாதம் ஆகிறது.

இன்று சனிக்கிழமை என்பதால் சாயங்காலம் சீட்டு. பக்கத்து வீட்டு ஜெகதீசன் அண்ணன், அவர் சம்சாரம் சுலோச்சனா, மேல்மாடி ராபின்சன் சார், நாங்கள் இருவர். கொரோனா சமயத்தில் எங்கள் மகள் கயல், போக்கர் என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் மறந்துவிட்டாள், நாங்கள் பிடித்துக்கொண்டோம். காசு வைப்பதில்லை, ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. தீர்ந்தால் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். திரும்ப ஐம்பது வாங்கிக்கொண்டு உட்காரலாமா என்று சுலோச்சனா முதல் வாரமே கேட்டாள். "புளியங்கொட்டைக்கு ரீ-என்ட்ரி கெடையாது" என்று அன்றைக்கு இவர் போட்ட சட்டம்தான் இன்றுவரை.

இன்றும் அவரே ஜெயித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஆடிய பதினொரு சனிக்கிழமையும் அவர்தான். ராபின்சன் சார் மூன்று ராணியை வைத்துக்கொண்டே, தோற்றதாகச் சீட்டைக் கவிழ்த்ததை நான் பார்த்தேன். நல்ல மனுஷர். முன்பெல்லாம் இவர் ஜெயித்தால் கொட்டைகளை எண்ணி எண்ணி எங்களைக் கேலி செய்வார். இப்போது எண்ணாமல் டப்பாவில் கொட்டி மூடிவிடுகிறார். அசதியாக இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பந்து 40. விரல் 25.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை என் பக்கம் தள்ளினார். கோவாவில் ஆற்றுக்குள் நிற்கும் ஒரு கப்பலில் போக்கர் போட்டி. மார்ச் ஏழு, எட்டு, ஒன்பது.

"போலாமா அம்மிணி?"

"எங்கீங்க, கோவாவுக்கா? பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்னீங்க."

"அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் எட்டு மாதத்தில் அவராக இது வேண்டும் என்று கேட்ட முதல் காரியம் இது. நான் உடனே சரி என்று சொல்லவில்லை, கொஞ்சம் பிகு செய்தேன். மத்தியானமே டிக்கெட் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

அவர் ஜெயித்தார். பந்து 45.

பிப்ரவரி 19, புதன்

பந்து 50. பொத்தான்: நான்கு அவர்.

போட்டி விதிகளைப் படித்துச் சொன்னேன். வெள்ளி, சனி இரண்டும் முதல் சுற்று நாட்கள். எந்த நாள் வேண்டுமானாலும் ஆடலாம். தாக்குப்பிடிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை தோற்றவர் மறுபடி கட்டணம் கட்டிப் புது ஆளாகச் சனிக்கிழமை உட்காரலாம். அதுதான் ரீ-என்ட்ரி. எங்களிடம் மூன்று நுழைவுக்குப் பணம் இருக்கிறது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மூன்றாவது தேவைப்படுகிறவருக்கு என்றேன்.

உடனே சண்டை.

"தோத்தா எந்திரிச்சு வரோணும். அதான் ஆட்டம்" என்றார். "திரும்ப உக்காரலாம்னு தெரிஞ்சா மொத தடவ எவன் ஒழுங்கா ஆடுவான்? பணக்காரன் நாலு தடவ கட்டுவான், கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் தள்ளுவான். ஒத்தத் தடவைக்குக் காசு கட்டி வந்தவன் அவன்கிட்ட மாட்டிட்டு முழிக்கோணும்."

அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எவ்வளவு நாளாயிற்று. அதற்காகவே நான் எதிர்க்கட்சி ஆனேன். மூன்று நாள் லீவு போட்டு, அவ்வளவு தூரம் ரயிலேறிப் போன மனுஷன் பத்தாவது நிமிஷம் ஒரு கெட்ட சீட்டில் தோற்றால், மிச்ச நாளெல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவா? ஆள் சேரச் சேரப் பரிசும் பெரிதாகும். தவறு செய்தவன் அதே தவறைச் செய்யாமல் இருக்க முடியுமா என்று பார்க்க வேறு என்ன வழி இருக்கிறது?

"பரிட்சைல பெயிலானா அடுத்த வருசம் எழுதறதில்லீங்களா?" என்றேன்.

"பெயிலுங்கற மார்க்கு அழியாதில்ல" என்றார்.

அது நியாயம்தான். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 6, வியாழன்

கோவா வந்தாயிற்று. கயலிடம் கடல் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "அப்பாவுக்கு எதுலயும் டென்ஷன் வராமப் பாத்துக்கம்மா, அவர் இஷ்டப்படி விட்டுரு" என்றாள். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஆற்று நடுவே கப்பல் நிற்கிறது. கரையிலிருந்து சின்னப் படகில் ஏற்றிப் போகிறார்கள். நாளைக்கு அவர் ஆடுவார், நான் வேடிக்கை. சனிக்கிழமை நான்.

மார்ச் 7, வெள்ளி

பந்து இல்லை.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தார். பச்சைத் துணி விரித்த மேஜை, ஒன்பது பேர். தனக்கு வந்த இரண்டு சீட்டின் மேல் சட்டைப் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைத்தார். சீட்டைப் பிரிக்கிறவர் தவறுதலாக வாரிக்கொண்டு போகாமல் இருக்க ஆளாளுக்கு எதையாவது வைக்கிறார்கள். ஒருத்தன் வெள்ளிக்காசு, ஒருத்தன் சின்ன யானை. எங்கள் வீட்டுப் புளியங்கொட்டையைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே நின்றுகொண்டு பார்த்தேன்.

முதல் ஒரு மணி நேரம் அருமையாக ஆடினார். பேசவே இல்லை. சிப்ஸை (புளியங்கொட்டைக்குப் பதில் அங்கே வட்ட வில்லைகள்) முன்னால் வைப்பார், கவிழ்ப்பார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கை, அதாவது அந்த ஒரு ஆட்டம், வந்தது. மூன்றே மூன்று சிப்ஸ் வைத்தால் போதும். வலது கையால் ஒரு அடுக்கைத் தூக்கி முன்னால் கொண்டுபோனார். வீட்டில் நாங்கள் அப்படித்தான், ஒரு பிடி கொட்டையை அள்ளி நடுவில் வைப்போம், வேண்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். இங்கே மேஜையில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அதைத் தாண்டி விழுந்ததெல்லாம் பந்தயம்தான். அவருடைய விரல்கள் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல், திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தன. மொத்த அடுக்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் சரிந்தது. இருந்ததில் முக்கால்வாசி.

மேற்பார்வை பார்க்கும் பெர்னடெட் என்ற அம்மாளைக் கூப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டிவிட்டது, எடுக்க முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னாள். கைக்கு முடியாதவர் என்று நான் கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். எதிரே இருந்தவனிடம் நல்ல சீட்டு இருந்தது. இரண்டு கை கழித்து மிச்சமும் போயிற்று.

படகில் வரும்போது சொன்னேன்: "உங்க கை தோத்துச்சுங்க. நீங்க தோக்கலீங்க. நாளைக்கு அந்த மூணாவது நுழைவை எடுத்துக்குங்க."

"என்ற கை வேற, நான் வேறயா?"

ராத்திரி சாப்பாட்டுக்கு மீன் வறுவல் சொன்னேன். அவர் தயிர்சாதம் போதும் என்றுவிட்டார்.

மார்ச் 8, சனி

காலையில் கண் விழித்தால் அவர் கட்டிலில் இல்லை. பால்கனியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பயந்துபோய்ப் பக்கத்தில் போனேன்.

"ரெய்ஸ்... ஆறாயிரம். ரெய்ஸ்... ஒம்பதாயிரம்."

பந்தயத்தை இவ்வளவு ஏற்றுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டால் அதுவே செல்லுமாம். சொன்னபின் சிப்ஸை மெதுவாக எண்ணி வைக்கலாம், கை எப்படி விழுந்தாலும் கவலையில்லை. நேற்று பெர்னடெட் அம்மாளிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அதாவது முன்பின் தெரியாத எட்டுப் பேர் நடுவில், ஒவ்வொரு கைக்கும், வாயைத் திறந்து பேசுவதென்று முடிவு செய்திருக்கிறார்.

"மூணாவது நுழைவு இன்னும் இருக்குதா?" என்றார்.

"யாரோ வேண்டாம்னு சொன்னாங்களே?"

"நான் சொன்ன கொறையெல்லாம் கொறைதான். அதுல ஒண்ணையும் வாபஸ் வாங்கல. ஆனா உக்காரோணும் போலிருக்குது."

வாசலில் மகளிர் தினமென்று எனக்கு ஒரு ரோஜா கொடுத்தார்கள். அதை அவர் சட்டைப் பையில் சொருகிவிட்டேன். சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு ஏழாவது மேஜை, எனக்கு இரண்டாவது. என் மேஜையிலிருந்தே அவர் குரல் கேட்டது. முதல் தடவை சொன்னது சீட்டுப் பிரிக்கிறவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். என் சீட்டை நான் பார்க்கவே மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் "மேடம், உங்கள் முறை" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

நான் சுமாராக ஆடினேன் என்று சொன்னால் பொய். நன்றாகவே ஆடினேன். நாலு மணிக்கு என் முன்னால் நல்ல குவியல். ஆட்கள் குறையக் குறைய மேஜைகளைக் கலைத்து மிச்சப் பேரை வேறு மேஜைகளில் சேர்ப்பார்கள். ஐந்து மணிக்கு ஏழாவது மேஜையைக் கலைத்தார்கள். கையில் தட்டோடு, அதில் கொஞ்சூண்டு சிப்ஸோடு, ரோஜாவோடு, என் எதிரே வந்து உட்கார்ந்தார். யாருக்கும் நாங்கள் யாரென்று தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கால் மணி நேரத்தில் "ஆல் இன்" என்றார். இருக்கிற எல்லாவற்றையும் வைக்கிறேன் என்று அர்த்தம். தெளிவாக வந்தது வார்த்தை. வரிசையாக எல்லோரும் கவிழ்த்தார்கள். கடைசி ஆள் நான். என்னிடம் அவரைப் போல மூன்று பங்கு இருந்தது. ஆனால் கையில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கவிழ்த்துவிட்டேன்.

அதன்பிறகு அவருக்கு ஏறுமுகம். அடுத்தடுத்து இரண்டு கை பிடித்தார். நான்தான் அரைமணி நேரத்தில் ஒரு அற்ப ஜோடியை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்தேன். மனசு ஆட்டத்தில் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறிவிட்டார். இருநூற்றுச் சொச்சம் பேரில் மிச்சம் நாற்பத்தொரு பேர், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர், கணபதி சென்னியப்பன். கயலுக்குப் போன் போடலாமென்றேன். வேண்டாம் என்றார். படகில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். அசதியாக இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு, காலை

"நான் இன்னைக்குப் போகல."

பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

"ஏனுங்க? ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நேத்து நான் ஆல் இன் சொன்னப்ப உன்கிட்ட ரெண்டு ராஜா தானே?"

"இல்லீங்க. என்னமோ ஒரு பத்தும் மூணும்."

"வளையலைத் திருகுன."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரெண்டு ராஜா வந்தா வலது கை வளையலைத் திருகுவ. ரெண்டு ஆஸ் வந்தா தண்ணி குடிப்ப. நாலு வருசமாப் பாக்கறேன். உன்கிட்டச் சொன்னா நீ நிறுத்திருவேன்னு சொல்லல."

நாலு வருஷமாக என்னை இப்படித்தான் ஜெயித்திருக்கிறார். கோபப்பட வேண்டிய இடம். கோபம் வரவில்லை.

ஆமாம், இரண்டு ராஜா. எழுதியாயிற்று. நேற்று இதே நோட்டில் பொய் எழுதினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று என்னிடமே பொய் சொன்னேன். அந்தக் குரலில் அவர் ஆல் இன் என்று சொன்னபின், அவரை எழுப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"என்கிட்ட ஒம்பதும் எட்டும்" என்றார். "உன் ராஜாவுக்கு எதிரா அஞ்சு தடவைல ஒரு தடவ நான் ஜெயிச்சிருப்பேன். அந்த ஒரு தடவையையும் நீ எடுத்துட்ட."

"உங்களுக்காகத்தானுங்க..."

"அதான் தெரியுமே. எட்டு மாசமா எல்லாரும் எனக்காகத்தான். ஜெகதீசன் எனக்காகக் கவுக்கறான். ராபின்சன் மூணு ராணிய மூடி வெக்கறான், நான் பாக்கலன்னு நினைச்சுக்கறான். பதினாலு சனிக்கெழமை ஆயிப்போச்சு. சின்னப் புள்ளைகளுக்குத்தான் அப்படி விட்டுக் குடுப்பாங்க. நான் எதுக்குக் கோவாவுக்கு வரோணும்னேன்? என்னைத் தெரியாதவங்ககிட்டத் தோக்கறதுக்கு. வெள்ளிக்கெழமை தோத்தேன். வயிறு எரிஞ்சுது. ஆனா நல்லாத் தூங்கினேன்."

பேச்சு குழறியது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி ஆரம்பித்தார்.

"திரும்ப உக்காரக் காசு கட்டச் சொன்ன. அது வேற. எல்லாருக்கும் தெரிய, கட்ட வேண்டியதக் கட்டி உக்காந்தேன். இது அப்படி இல்ல அம்மிணி. இது நீ எனக்குப் போட்ட பிச்சை."

அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து, சரியில்லாத அந்தக் கையாலேயே என் தலையைத் தொட்டார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. குளிக்கப் போயிருக்கிறார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

அதே நாள், படகுத்துறை, பகல் 12.20

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில்.

காலை ஒன்பது மணிக்குக் கப்பலுக்குப் போய்ப் பெர்னடெட் அம்மாளைப் பார்த்தேன். என் இங்கிலீஷில் நேராகச் சொன்னேன்: அந்த மேஜையில் என் எதிரே இருந்தவர் என் கணவர், அவருக்காக இரண்டு ராஜாவைக் கவிழ்த்தேன், அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் இதைத் தானாக வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள் என்றாள். ரீ-என்ட்ரி வைத்ததிலிருந்து இந்தத் தொல்லை உண்டாம். இரண்டு மூன்று தடவை கட்ட வசதி உள்ளவர்கள், கூட வந்தவர்களுக்கு வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கிறார்களாம். நாற்பத்தொரு இடத்தில் ஒன்று வேறு யாரோ ஒருவருக்குப் போயிருக்க வேண்டியது என்றாள். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. தலை குனிந்துவிட்டது.

தண்டனை: போட்டி முடியும்வரை நான் கப்பலில் கால் வைக்கக் கூடாது. அவர் தவறு செய்யவில்லை, அதனால் அவருக்குத் தண்டனை இல்லை, ஆடுவதும் ஆடாததும் அவர் இஷ்டம்.

ஐம்பத்து நாலு வயதில் என்னை ஒரு இடத்திலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில்கூட இது நடந்ததில்லை.

அறைக்கு வந்து சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு கேட்காத சிரிப்பு.

"வசந்தாமணிய வெளிய போகச் சொன்னாங்களா? ஜெகதீசன்கிட்டச் சொல்லோணுமே."

"சொல்லுங்க, ஊருக்கே சொல்லுங்க. இப்பப் போறீங்களா இல்லீங்களா?"

கிடைத்ததைக் கிடைக்கவில்லையென்று ஆக்க முடியாது, ஆனால் கணக்கு வெளியே வந்துவிட்டது, அது போதும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்களை அவரே போட்டார். ஒன்று தள்ளி ஒன்று மாறிவிட்டது, ஒரு பக்கம் காலர் மேலே நின்றது. என் கை தானாக நீண்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைப் படகு. ஜூனுக்குப் பிறகு அவர் தனியாக எங்குமே போனதில்லை, முக்குக் கடைக்குக்கூட. படகுக்காரர் கை நீட்டினார். இவர் தலையை ஆட்டிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. கோணல் சட்டையோடு போகிறார். இரண்டு சிறகும் ஒரே அளவில்லாத கொக்கு மாதிரி.

1.45. ஒரு எலுமிச்சை சோடா குடித்தேன். படகு வந்தது. அவர் இல்லை.

2.30. அடுத்த படகு. இல்லை. இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். அல்லது படியில் விழுந்துவிட்டாரா? விழுந்தால் போன் வரும்.

3.15. இல்லை. சாமி, ஜெயிக்க வேண்டாம். நல்லபடியாக ஆடிவிட்டு வரட்டும்.

4.10. வருகிறார். ரோஜா வாடித் தொங்குகிறது.

அதே நாள், சாயங்காலம்

இருபத்து மூன்றாவது இடம். பதினெட்டுப் பேருக்குத்தான் பரிசு.

"யாருங்க அடிச்சது?"

"ஒரு பஞ்சாபிப் பையன். கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருந்தான். நான் ஆல் இன் சொன்னேன். அவன் ஒரு செகண்டுகூட யோசிக்கல, நானும் வரேன்னுட்டான்." சொல்லும்போது முகமெல்லாம் மலர்ச்சி. "அவன் என்ற கையப் பாக்கவே இல்ல அம்மிணி. வாயையும் பாக்கல. சீட்டைத்தான் பாத்தான்."

கரையோரமாக நடந்து வந்தோம். இன்று மீன் வறுவல் அவரே கேட்டார். முள்ளை அவரே எடுத்தார். அரை மணி நேரம் பிடித்தது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. துணி துவைத்தேன். பந்து 50.

மார்ச் 15, சனி

ஆட்டத்துக்கு முன் வளையல்களைக் கழற்றி அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீர்ச் சொம்பையும் எட்டாத தூரத்தில் வைத்தேன். இவர் கவனித்துவிட்டார், மீசைக்குள் சிரித்தார்.

எல்லோரும் உட்கார்ந்ததும், "ஒரு விசயம்" என்று ஆரம்பித்தார். வெளி ஆட்கள் முன்னால் பேசாத மனுஷன். "எனக்காக இனிமே எவனாச்சும் சீட்டைக் கவுத்தா, அடுத்த வாரத்துல இருந்து நான் எதிர் வீட்டுக் கொழந்தைகளோட தாயம் ஆடப் போயிருவேன். அவங்க ஏமாத்துவாங்க. ஆனா விட்டுக் குடுக்க மாட்டாங்க."

ராபின்சன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுலோச்சனா மின்விசிறியைப் பார்த்தாள். ஜெகதீசன் அண்ணன்தான், "சென்னி, நெசமாலுமே நீ நாலு மாசமா கேவலமாத்தான் ஆடுன" என்றார். இவருக்கு அது பிடித்திருந்தது.

ஐந்தாவது கையில் ஆல் இன் என்றார். ஐம்பது கொட்டையும் நடுவில். மற்றவர்கள் கவிழ்த்தார்கள். பார்த்தால் தெரிந்தது, நிஜமாகவே சீட்டு இல்லாமல்தான் கவிழ்த்தார்கள். என் கையில் இரண்டு ராணி. அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"நானும் வரேனுங்க" என்றேன்.

அவரிடம் ஆஸும் பத்தும். நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விழுந்தன. ஆஸ் வரவில்லை. ஐம்பது கொட்டையையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சட்டப்படி டீ போட எழுந்து போனார். ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம், டப்பா விழும் சத்தம், "ச்சே" என்ற சத்தம், எல்லாம் கேட்டது. சுலோச்சனா எழுந்தாள். அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து டம்ளர், ஒவ்வொன்றாக ஐந்து நடை. சர்க்கரை அதிகம். எல்லோரும் முழுசாகக் குடித்தோம்.

அப்புறம் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "ரீ-என்ட்ரி குடுப்பீங்களா?" என்றார்.

"புளியங்கொட்டைக்கு ரீ-என்ட்ரி கெடையாதுன்னு ஒரு பெரிய மனுஷர் சட்டம் போட்டிருக்காரே" என்றார் ராபின்சன் சார்.

"அவன் அப்பத் தோத்ததில்லீங்க சார். அதான் அப்படிப் பேசியிருக்கான்."

நான் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். எடுத்துக் கொடுக்கவில்லை, தள்ளினேன். வலது கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினேழாவது நழுவி உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. குனிந்து தேடி எடுத்தார். முப்பத்தொன்றாவதும் போனது. அதையும் எடுத்தார். ஜெகதீசன் அண்ணன் சீட்டைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

ஐம்பது வந்ததும், "ம், போடுங்க" என்றார்.

பந்து அழுத்துதல்: இன்று இல்லை. விரல்: ஐம்பது புளியங்கொட்டை, எல்லாம் அவரே.